ரெண்டு அன்னப்பூரணி

படத்தை இன்னும் பெருசாக்காத புள்ள. அந்தக் கல்லில உள்ள எழுத்து எனக்குக் கண்ணாடி போடாமலே தெரியும். சுனாமியில எங்கட ஊரில செத்த ஆக்கள்ட பேர், மேல இருந்து பதினோராவது. அ. நிதுர்ஷன், வயது பதினேழு. ஓம், உன்ட புருசன்ட பேர்தான். இனிசியலும் அதுதான். அவன் கனடாவில இருந்து உன்னையும் கூட்டிக்கொண்டு பிளேன் ஏறி வந்து, இண்டைக்குக் காலம்பற அந்தக் கல்லுக்கு முன்னால ரெண்டு நிமிசம் தலையைக் குனிஞ்சு நிண்டவன். செத்த ஆள் தன்ட கல்லுக்குத் தானே வந்து நிக்க ஏலுமா? ஏலாது. அப்ப அது வேற நிதுர்ஷன். இதுக்குப் போய் முகத்தை இப்பிடித் தூக்கி வைச்சிரிக்காய். போனை வைச்சிட்டு அந்தச் சருவச்சட்டியை இஞ்சால தள்ளு. நண்டு கழுவோணும்.

அவன் தேங்காய் வாங்கப் போனவன். சுணங்கித்தான் வருவான். ஓம் கா, வளவுக்குள்ள தேங்காய் குவிஞ்சு கிடக்கிறது எனக்கும் தெரியும். நண்டுக்குக் கடைத் தேங்காய்தான் நல்லம். உனக்கு இதெல்லாம் விளங்காது, நீ யாழ்ப்பாணத்தாள். கனடாவில பிறந்தா மட்டும் யாழ்ப்பாணத்தாள் இல்லாம போயிருவாயா, சொல்லு பாப்பம்.

சரி, எடு எங்கட வம்சத்தை எழுதின அந்தக் கடதாசியை. நேத்தில இருந்து காட்டுறன் காட்டுறன் எண்டு நிக்காய். ஆத்தே, பாய் மாதிரி விரியுது. இதுக்குத்தானா ரெண்டு வருசம்? அவன் போனில சொன்னவன், அம்மா, வேலையால வந்தா அவ கொம்பியூட்டருக்கு முன்னால, சனி ஞாயிறும் அதுக்கு முன்னால, சோறும் நான்தான் ஆக்கிறன் எண்டு. ஆக்கட்டும். அதில எனக்கு ஒரு கவலையும் இல்ல.

முதலாவது பிழை இஞ்ச கிடக்கு பாரு. நீ தகப்பன், தகப்பன்ட தகப்பன் எண்டு மேல ஏறிப் போயிரிக்காய். எங்கட பக்கத்தில அப்பிடி ஏறினா பாதி வழியில விழுந்திருவாய். இஞ்ச ஆம்பிளை கலியாணம் முடிச்சு பொஞ்சாதிட வளவுக்குப் போயிருவான். வீடு தாய்க்குப் பிறகு மகளுக்கு. ஒருத்தன் ஆரெண்டு தெரியோணும் எண்டா என்ன குடி எண்டு கேப்பாங்க. குடி தாய்ட வயித்தால வாறது. என்ட தாய் பெத்தாங்குடி, நான் பெத்தாங்குடி, நான் பெத்ததும் பெத்தாங்குடி. தகப்பன் ராசாவா இரிந்தாலும் அவர்ட குடி பிள்ளைக்கு ஒட்டாது. ஒரு குடிக்குள்ள கலியாணம் கட்டேலா, கோயில் திருவிழாவும் குடி குடியாத்தான் செய்வாங்க. சிரிக்காத. உன்ட வயித்தில ஒண்டு வந்தா அதுக்குக் குடியே இல்ல. திருவிழாவுக்கு வந்தா ஓரமா நிண்டு கடலை தின்ன வேண்டியதுதான்.

இதென்ன? அன்னப்பூரணி எண்டு ரெண்டு பெட்டி போட்டிரிக்காய்?

பொறு பொறு, நான் முதல்ல ஆர் எண்டு சொல்றன், சரியா பாரு. அன்னப்பூரணி எண்டது என்ட மனிசன் அழகரத்தினத்தார்ட தங்கச்சி, எனக்கு மச்சாள். மாங்கேணியில கட்டிக் குடுத்தது. அவள்ட மகனுக்கும் நிதுர்ஷன் எண்டுதான் பேர். சுனாமிக்கு முதல் நாள் தாயும் மகனும் எங்கட வீட்டுக்கு வந்து நிண்டு, ரெண்டு பேரும் போயிட்டாங்க. கல்லில இரிக்கிறது அந்த நிதுர்ஷன், தாய்ட உடம்பு கிடைக்காததால அவள்ட பேர் கல்லில இல்ல. அப்பிடித்தானே உன்ட புருசன் உனக்குச் சொல்லித் தந்தவன்? ஓம். கதை சரி. அதில எப்பிடி ரெண்டு பேர் வந்தாங்க?

ஆராரைக் கேட்டாய்? ஊர்ப் பதிவு பாக்கிற விதானையார் வினாயகமூர்த்தியையா? அவர் என்ன சொன்னார்? நெடுவல், கறுப்பு, கலியாணத்துக்குத் தானும் போய்ச் சாப்பிட்டதா? ம். கோயில் பூசாரியார்? குட்டை, நல்ல வெள்ளை, ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பாவா? ஆத்தே. அசனார் நானாவையும் கேட்டாயா? காத்தான்குடியில இருந்து சைக்கிளில துணி கொண்டு வாற மனிசனையுமா? மஞ்சள் சாறி எண்டா அன்னப்பூரணிக்கு உசிரு, தான்தான் கொண்டு வந்து குடுத்த எண்டு சொன்னாராமா. இரிகா, எனக்கு மூச்சு வாங்குது. இல்ல, அழல்ல. வெங்காயம். சிரிச்சா எனக்குக் கண்ணால தண்ணி வரும்.

நீயும் கெட்டிக்காரிதான். நெடுவலும் குட்டையும் ஒருத்தியா இரிக்கேலா, அப்ப ஒரே பேரில ரெண்டு பொம்பிளை இரிந்திருக்கோணும், ஆக்கள் ரெண்டு பேரையும் கலக்கிக் கதைக்காங்க எண்டு பிரிச்சு எழுதிரிக்காய். ஒருத்திக்குப் பச்சைக் கோடு, ஒருத்திக்குச் சிவப்புக் கோடு. மாங்கேணிப் பதிவில ரெண்டு பேரும் இல்லையா? பதிவுகள் சுனாமியில அழிஞ்சிரிக்கலாம் எண்டு கீழ குறிப்பு வேற. பாவம் நீ. எத்தனை கடிதம் போட்டாய்? பதினாலா?

சொன்னா ஏசக்கூடாது. அன்னப்பூரணிக்கு மூக்குக்குப் பக்கத்தில மறு வைச்சது நான். தையல் மெசின் வாங்கிக் குடுத்தது நான். அருமைநாயகம் எண்டு ஒரு புருசனையும் நான்தான் பாத்துக் கட்டிக் குடுத்தன். ஏன் அருமைநாயகம் எண்டா, கல்லில அ. எண்டு இனிசியல் கிடக்கு, அதுக்குப் பொருந்துற மாதிரி ஒரு தகப்பன் வேணும். அ-வில தொடங்குற பேர் அந்த நேரம் அதுதான் வாயில வந்தது. என்ட மனிசனுக்கு அண்ணன்மார் நாலு பேர். தங்கச்சி ஒருத்தியும் இல்ல. அன்னப்பூரணி எண்டு ஒருத்தி பிறக்கவே இல்ல புள்ள.

ஏசாத எண்டன்தானே. நண்டைக் கையில வைச்சிக்கொண்டு எழும்பாத, கடிச்சுப்போடும்.

சொல்றன். 2007, ஆனி மாசம். மத்தியானம் ஆமி ரவுண்டப் பண்ணி வீடு வீடா வருது. அவங்களோட தமிழ் கதைக்கிற பொடியன் ஒருத்தன், முகத்தில துணி கட்டி. எங்கட வீட்டுக்கு வந்தா நான் இதே குசினியில இரிந்து வெங்காயம் உரிக்கிறன், மனிசன் வாசலில கிழிஞ்ச வலையைப் பொத்துறார், உன்ட புருசன் கதிரையில இரிக்கான். ஐடியைப் பாத்தாங்க. ஐடி சரி. துணி கட்டினவன் கேக்கான், கடல்கரைக் கல்லில இந்தப் பேர் செத்ததெண்டு கிடக்கு, இவன் எப்பிடி இஞ்ச உசிரோட இரிக்கான் எண்டு. வெங்காயம் உரிச்ச கை நிண்டுட்டு. ஆனா வாய் நிக்கல்ல. இந்த வாய் என்னைச் சாகிற வரைக்கும் காப்பாத்தும். நான் வெங்காயத்தில இருந்து தலை நிமித்தாமச் சொன்னன், அது இவர்ட தங்கச்சிட மகன் தம்பி, ஒரே பேரை ரெண்டு பேருக்கும் வைச்சதால வந்த வினை இது எண்டு. தங்கச்சிட பேர் என்ன எண்டான். அன்னப்பூரணி எண்டன். எங்கால வந்ததோ தெரியா.

மறுகா தான் வேடிக்கை. அந்தப் பொடியன் என்ட மனிசன்ட பக்கம் கிறுகி, ஓமா எண்டு கேக்கான். உனக்கு மாமாவைத் தெரியாது. நாலு சொல்லுக்கு மேல கதைச்சா வாய் நோகும் எண்ட மாதிரி ஆள். அவர் வலையைக் கீழ போட்டார். ரெண்டு கையாலயும் தலையில அடிச்சார். என்ட தங்கச்சி, அன்னப்பூரணி, உன்னை நான் விட்டுட்டன் எண்டு குழறினார் பாரு, ரோட்டில நிண்ட ஆமியும் உள்ள வந்திட்டான். பிறக்காத தங்கச்சிக்கு இப்பிடி ஒரு ஒப்பாரி. நான் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கன், சிரிப்பு வந்திரும் எண்டு. வந்தவங்க அவர்ட முதுகைத் தட்டிப்போட்டுப் போயிட்டாங்க. அவங்க கடப்படியைத் தாண்டியும் மனிசன் நிப்பாட்டல்ல. அப்பதான் எனக்கு விளங்கின. சுனாமிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆள். ரெண்டு வருசத்துக் கண்ணீரையும் அண்டைக்குத்தான் விட்டவர்.

அண்டையில இருந்து ஊர் முழுக்க அன்னப்பூரணி. நான் ஒருத்தரிட்டயும் கெஞ்சல்ல. விதானையார் தானா வந்து, அக்கா, நான் கலியாணத்துக்கு வந்தனான் எண்டே சொல்லுவன் எண்டார். பூசாரியார் காலைக் கொஞ்சம் இழுக்க வைச்சார். அசனார் நானா, ராத்தா, சாறிட நிறம் என்ன எண்டு சொல்லுங்க, மாறிச் சொல்லிரக் கூடா எண்டு கேட்டவர். ஆனா நெடுவலா குட்டையா எண்டு ஒருத்தரும் கதைச்சு முடிவெடுக்கல்ல. அந்தப் பிழைக்குத்தான் நீ கனடாவில இருந்து பதினாலு கடிதம் போட்டிரிக்காய்.

என்ன பாக்காய்? கேளு. கேக்க வந்ததைக் கேளு.

கலியாண வீட்டிலயா? எந்தக் கலியாண வீடு, போன வருசமா? மட்டக்களப்புக் கிழவர் ஒருத்தர் அவனைப் பாத்து, மனே, நீ என்ன குடி எண்டு கேட்டதா. அவன் சோத்துக் கோப்பையோட நிண்டு, யோசிக்காம, பொன்னாச்சிகுடி எண்டதா. ம்.

உனக்கு எப்பவும் பெத்தாங்குடி எண்டுதான் சொன்னவன். ஓம். நானும் இப்ப அப்பிடித்தான் சொன்னன்.

அங்க பிடிபட்டுட்டான் அறுவான். ஒரு வருசம் படிப்பிச்சன் அவனுக்கு. பேர் சரியாச் சொல்லுவான், பிறந்த திகதி சரியாச் சொல்லுவான், எங்கட ஆட்டுக்குட்டிட பேர் கேட்டாலும் சொல்லுவான். ஆனா எங்கட ஆள் ஒருத்தன் குடியைக் கேட்டா வாய் யோசிக்காது புள்ள, பெத்தவளைச் சொல்லிப்போடும். ஒருத்தனுக்கு ரெண்டு குடி வராது. நீ அதைக் குறிச்சு வைச்சதுக்கு உனக்குத்தான் இந்த நண்டில பெரிய கால்.

இன்னும் விளங்கல்லையா? நேத்து நீ என்னட்ட சொன்னாய், மாமி, மரமுந்திரியில இருந்து விழுந்த கதையை நீங்களும் அவரும் ஒரு சொல்லு மாறாமச் சொல்றீங்க எண்டு. ஒரு சொல்லு மாறாது. நான்தானே பாடமாக்கினது. ஒரு இடத்தில மட்டும் மாத்தினம். விழுந்தவனுக்கு இடது முழங்காலில தழும்பு. கதையைப் படிச்சவனுக்கு வலது காலிலதான் தழும்பு இரிந்தது. அதால கதையை வலது காலுக்கு மாத்தினம்.

கல்லில பிழை இல்ல புள்ள. கல்லுதான் சரி.

என்ட நிதுர்ஷன் அதுக்குள்ளதான் இரிக்கான். மூண்டாம் நாள், சவுக்கு மரத்தடியில, நீலச் சேட்டோட நான்தான் கண்டெடுத்த. ஊர்ப் பொடியங்க கல்லில பேர் போட்டாங்க. மரணப் பதிவு எடுக்க மட்டும் நான் விடல்ல. படிவம் கொண்டு வந்த எல்லாரையும் ஏசிக் கலைச்சன். எனக்கு ஏலாம இரிந்தது. அவ்வளவுதான், வேற ஒரு புத்தியும் அதில இல்ல. கடதாசியில அவன் உசிரோட இரிந்தான்.

ரெண்டு வருசம் போய், தை மாசம். ஆத்தங்கரையில எங்கட மீன் வாடி, மத்தியானம் மனிசனுக்குச் சோத்துப் பொட்டலம் கொண்டு வைச்சிட்டு விறகு பொறுக்கப் போனன். கிறுகி வந்தா பொட்டலம் காலி. கவிட்டு வைச்ச தோணிக்குக் கீழ ஒரு பொடியன், தலைமயிரை ஒட்ட வெட்டி, பதினாறு வயசு இரிக்கும். நண்டுக் கறியைத் திண்டுட்டு ஓடுகளை மட்டும் வடிவா அடுக்கி வைச்சிரிந்தான். என்ட மகன் எண்டா ஓடுகளை நாலு பக்கமும் எறிவான். நான் கம்பை எடுத்தன் அடிக்கத்தான். அவன் எழும்பி, அம்மா, உப்புக் கொஞ்சம் கூட எண்டான். திண்டது களவுச் சோறு, அதில குறை வேற.

இயக்கம் பிடிச்சுக் கொண்டு போன பிள்ளை, தப்பி வந்திட்டான். வாகரைச் சண்டையில தாய் செத்துப்போயிட்டா. முகாமில இரிந்தா அவங்களும் தேடுவாங்க, இவங்களும் தேடுவாங்க எண்டு மீன் லொறியில ஏறி எங்கட ஊரில இறங்கிரிக்கான். கையில ஒரு துண்டுக் கடதாசி இல்ல. ஆர் பிடிச்சாலும் ஆள் இல்ல. நாலு நாள் ஒளிச்சு வைச்சம். அஞ்சாம் நாள் என்ட மனிசன் ஒண்டும் கதைக்காம அலுமாரியைத் திறந்து நிதுர்ஷன்ட பிறப்புச் சான்றிதழை எடுத்தார். நான் பறிக்கப் போனன். அப்ப சொன்னார், பேர் சும்மாதானே கிடக்கு, குடுப்பம் எண்டு.

நான் ரெண்டு நாள் அவரோட கதைக்கல்ல. மூண்டாம் நாள் நானே விதானையாரிட்டப் போய், சுனாமியில என்ட மகன்ட ஐடி போயிட்டு, புதுசுக்கு ஒரு கையெழுத்து வைங்க எண்டன். சவுக்கு மரத்தடியில குழி வெட்டின ஆளே அவர்தான். என்ட முகத்தை ஒருக்காப் பாத்தார். எங்க கா வைக்கோணும் எண்டு கேட்டுக் கையெழுத்து வைச்சார்.

அப்ப உன்ட கணக்கைத் திருத்து. நீ ரெண்டு அன்னப்பூரணி எழுதிரிக்காய், ஒருத்தியும் இல்ல. ஒரு நிதுர்ஷன் எழுதிரிக்காய், ரெண்டு பேர். முப்பத்திரண்டு வயசுக்காரனைக் கட்டினதெண்டு நினைச்சுக்கொண்டிரிந்தாய், அவனுக்கு இருபத்தொன்பதுதான். உனக்கு லாபம்.

அழாதகா. அவன் உன்னை ஏமாத்தல்ல. நான்தான் சத்தியம் வாங்கி வைச்சிரிக்கன், என்ட வாயால சொல்லாம ஒருத்தருக்கும் சொல்லக் கூடா எண்டு. அவன் கனடாவில கடதாசி எடுத்ததெல்லாம் அந்தப் பேரிலதான். அதால நீயும் எழுதுறதைப் பென்சிலால எழுது. இந்த முறை உன்னைக் கூட்டி வந்ததே நான் சொல்லோணும் எண்டுதான். தேங்காய் குவிஞ்சு கிடக்கிற வளவில இருந்து தேங்காய் வாங்கப் போனவன் எங்க நிப்பான் எண்டு நினைக்காய்? கல்லுக்கு முன்னால. காலம்பற ஆக்களோட நிண்டது கணக்கில்ல, இப்ப தனியா நிப்பான். அங்க இரிந்த காலத்திலயும் ஒவ்வொரு வருசமும் இதே நாள் போன் எடுத்து, அம்மா, அண்ணனுக்கு நண்டு வைச்சிட்டியளா எண்டு கேப்பான். ஓம், இந்தக் கறி அதுக்குத்தான். ஊருக்கு வருசத் திவசம் எண்டு சொல்லேலா, மகன் உசிரோட வெளிநாட்டில இரிக்கான்தானே. அதால நண்டு ஆக்கி, கதவைச் சாத்திட்டு ஒரு எலையில படைக்கிறன்.

அம்மா எண்டு கூப்பிடுறதும் முதல் ஆமிக்காகத்தான். செக்பொயின்ரில அம்மா எண்டுவான், வீட்டுக்கு வந்தா ஒண்டும் சொல்லாம நிப்பான். அவன் முதல்ல கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு, 2009 வைகாசி, சண்டை முடிஞ்சிட்டு எண்டு டீவியில சொல்றாங்க. வன்னியில அவன்ட அக்கா ஒருத்தி இரிந்தவள், அவளட்ட இருந்து ஒரு சேதியும் இல்ல. இண்டை வரைக்கும் இல்ல. அண்டைக்குப் போன் எடுத்தான். எடுத்து அம்மா எண்டான். அந்தப் போனில ஆமி ஒருத்தனும் இல்ல புள்ள. அவனும் நானும்தான்.

எனக்குப் பயம் ஒண்டுதான். இந்தக் கடதாசியைத் திருத்தப் போறாய். ரத்தம் பாத்தா நான் உன்ட புருசனுக்கு ஆரும் இல்ல. பிறக்காதவளுக்கு ரெண்டு பெட்டி போட்டாய், என்னைப் பெட்டிக்கு வெளியில விட்டிருவாயோ எண்டு நேத்து முழுக்க யோசிச்சன். அதுதான் நேத்து காட்டுறன் காட்டுறன் எண்டு நீ விரிக்க விரிக்க, மாடு வந்திட்டு, மழை வருது எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

என்ன எழுதுறாய்? காட்டு. பெத்தவள்ட பேரா? தங்கப்பிள்ளை. பொன்னாச்சிகுடி. ஓம், அதை எழுது, அவளுக்கு எழுத வேற ஆரும் இல்ல. பக்கத்தில சீதேவிப்பிள்ளை, அது நான். ரெண்டில இருந்தும் கோடு இழுக்காய். ரெண்டு கோடும் ஒருத்தனுக்கே வருது. இப்பிடிப் போட உன்ட கொம்பியூட்டர் விடுமா? விடாதா? அப்ப கடதாசியிலயே இரிக்கட்டும். எனக்குக் கீழ மற்றப் பெட்டி, அதில செத்த திகதியை நீயே போடு. நான் அந்தப் பக்கம் பாக்கல்ல.

இவன்ட பெட்டிக்குள்ள என்ன பேர் போடுறதா? தாய் வைச்ச பேர் மதுரன். நானும் அந்தப் பேரைச் சொன்னதில்ல. வாய் பழகினா ஆமிக்கு முன்னால வந்திரும் எண்டு பயந்து, மறுகா வராமலே போயிட்டு. பதிமூண்டு வருசம் அந்தப் பேரில அவனை ஒருத்தரும் கூப்பிடல்ல.

கடப்புத் திறக்கிற சத்தம். அவன்தான். பாரு, ஒரு தேங்காயும் இல்லாம கையை வீசிக்கொண்டு வாறான், வெளியில நிண்டு கால் கழுவுறான், இந்தப் பக்கம் முதுகு. நீ கூப்பிடு. மதுரன் எண்டு.

இன்னொருக்கா, சத்தமா.

ம். இந்தப் பக்கம் கிறுகிட்டான் பாத்தியா.

சரி, நண்டு அடிப்பிடிக்கப் போகுது, முகத்தைக் கழுவிட்டு வாழையில ரெண்டு எலை வெட்டிக் கொண்டு வா. மூத்தவனுக்கு ஒண்டு, இளையவனுக்கு ஒண்டு. இண்டைக்குக் கதவு திறந்து கிடக்கட்டும்.